கறிவேப்பிலையில் ஒளிந்திருக்கும் பெயர்

நாள்தோறும் நம் வீட்டுத் தாளிப்பில் பொரியும் கறிவேப்பிலைக்குள் ஓர் ஐரோப்பியரின் பெயர் ஒளிந்திருக்கிறது. தாவரவியலார் அதனை நெடுங்காலம் முர்ராயா கோனிகி என்று எழுதி வந்தனர். இப்போது பெர்கெரா கோனிகி என்று எழுதுகின்றனர். முன்பெயர் மாறினாலும் பின்பெயர் மாறவில்லை. அந்தப் பின்பெயருக்கு உரியவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் மருத்துவர். 1768-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1785-இல் காக்கிநாடா அருகே மறையும் வரை, பயணங்களுக்கு இடையே இந்தச் சோழமண்டலக் கரையையே தம் களமாகக் கொண்டு வாழ்ந்தவர்.

கறிவேப்பிலையால் அறியப்படும் அவரை ஒரு காளானைக் கொண்டும் நாம் நினைவுகூர வேண்டும் என்பது என் கருத்து. நம் மண்ணிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று, அறிவியல் முறைப்படி பெயரிடப்பட்ட மிகப் பழைய காளான்களுள் ஒன்று அவர் அனுப்பியது. பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் காளானைப் பற்றி எழுத முனைவதற்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைக்குரிய காரணமன்று. உரிய இடத்தில் சொல்கிறேன்.

லின்னேயசின் மாணவர்

கோனிக் 1728-இல் பால்டிக் கடலோர நாடான லிவோனியாவில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி இன்றைய லாத்வியாவில் உள்ளது. முதலில் மருந்து தயாரிக்கும் தொழிலைக் கற்றார். அக்காலத்தில் மருந்தும் தாவரமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இலையை அடையாளம் காணத் தெரியாதவர் மருந்தாளராக முடியாது. அந்தப் பழக்கமே 1757-இல் அவரை சுவீடனின் உப்சாலாவுக்கு, கார்ல் லின்னேயசின் வகுப்பறைக்கு அழைத்துச் சென்றது.

உலகில் உள்ள உயிர்கள் அனைத்துக்கும் இரண்டே சொற்களில் பெயர் வைத்துவிட முடியும் என்று நம்பியவர் லின்னேயஸ். இருந்த இடத்தில் இருந்துகொண்டே உலகைப் பட்டியலிட வேண்டுமானால், உலகெங்கும் அலைந்து மாதிரிகளை அனுப்பும் மாணவர்கள் வேண்டும். அப்படி அவர் அனுப்பிய மாணவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. கடலிலும் காய்ச்சலிலும் மாண்டனர். கோனிக்கும் அந்த வரிசையில் வந்தவரே. டென்மார்க்கில் பணியாற்றியபோது 1764-இல் ஐஸ்லாந்துக்குச் சென்று அத்தீவின் தாவரங்களைச் சேகரித்தார். அங்கே அவர் கண்டெடுத்தவற்றுள் ஒன்று விரலளவு உயரமும் இல்லாத ஒரு சிறு செடி. லின்னேயஸ் அதற்கு கோனிகியா என்று தம் மாணவரின் பெயரையே சூட்டினார். பிறர் கவனிக்காமல் மிதித்துச் செல்லும் சிறியவற்றைக் குனிந்து பார்ப்பது கோனிக்கின் இயல்பு என்பதற்கு அந்தச் செடியே சான்று.

ஐஸ்லாந்தின் குளிரிலிருந்து காவிரிக் கழிமுகத்தின் வெயிலுக்கு அவரைக் கொண்டுவந்தது மதப் பணியாளர்களின் மருத்துவத் தேவை. தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் வசம் இருந்த துறைமுகம். 1706-இல் சீகன்பால்கு அங்கு வந்திறங்கியதும், தமிழ் அச்சுக்கலை அங்கே வேரூன்றியதும் தமிழர் அறிந்த வரலாறு. அந்த மிஷனுக்கு ஒரு மருத்துவர் தேவைப்பட்டது. கோனிக் அந்தப் பணியை ஏற்று வந்தார். நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரமெல்லாம் வயல்வரப்பிலும் மணல்மேட்டிலும் கழிந்தது. உலர்த்திய செடிகள் கட்டுக் கட்டாக உப்சாலாவுக்குக் கப்பலேறின.

தானே உலரும் காளான்

அப்படிச் சென்றவற்றுள் ஒன்றை லின்னேயஸ் 1771-இல் லைக்கோபெர்டான் பிஸ்டில்லாரே என்று பெயரிட்டு வெளியிட்டார். இன்று அது போடாக்சிஸ் பிஸ்டில்லாரிஸ் எனப்படுகிறது. மழைக்குப் பின் வறண்ட தரையிலும் கறையான் புற்றின் மேலும் இதை நாம் காணலாம். மடக்கிய குடையை நட்டு வைத்தது போன்ற உருவம், சாணளவு உயரம், செதிலடர்ந்த வெள்ளைத் தலை, மரக்குச்சி போன்ற உறுதியான தண்டு. மற்ற காளான்களைப் போல இதன் குடை விரிவதில்லை. மூடிய தலைக்குள்ளேயே வித்துத்தூள் முற்றிப் பழுப்பாகி, கருமையடைந்து, தோல் கிழிந்த பின் காற்றில் பறக்கும். ஆஸ்திரேலியப் பழங்குடி முதியவர்கள் நரைத்த தாடியைக் கருப்பாக்க இந்தத் தூளைப் பயன்படுத்தியதாகப் பதிவுகள் உண்டு.

கோனிக் காலத்துக் கப்பல் ஐரோப்பாவை அடைய ஆறு மாதத்துக்கும் மேலாகும். சதைப்பற்றுள்ள ஒரு காளானைப் பறித்து வைத்தால் மறுநாளே புழு வைக்கும். மூன்றாம் நாள் கூழாகிவிடும். போடாக்சிஸ் அப்படியன்று. நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து, சருகைப் போலப் பல வாரம் நிற்கும். ஈரம் நிறைந்த கப்பலின் அடித்தளத்தையும் தாங்கிக்கொண்டு இவ்வளவு தொலைவு செல்லக்கூடிய காளான் நம் மண்ணில் வேறு எத்தனை இருக்கும்? நம் நாட்டின் காளான் பட்டியல் தானே உலரும் ஒரு காளானிலிருந்து தொடங்குவதில் வியப்பில்லை. உலர்த்தத் தெரியாமல், உலர்த்த வசதியின்றி விடுபட்டுப்போனவை எத்தனையோ என்னும் எண்ணமும் கூடவே எழுகிறது.

ஓர் உயிருக்குப் பெயர் வைப்பது அதன் படத்துக்கோ வருணனைக்கோ மட்டும் வைப்பதன்று. குறிப்பிட்ட ஒரு மாதிரிக்கு, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளுக்கு வைப்பது. பின்னாளில் ஐயம் எழுந்தால் அந்தப் பொருளிடமே திரும்பிச் சென்று கேட்கலாம். உலர்தாவரகம் எனப்படும் ஹெர்பேரியத்தின் பயன் இதுதான். போடாக்சிஸ் இதற்கு நல்ல உதாரணம். உலகெங்கும் கிடைத்தவை எல்லாம் ஒரே இனம் என்றே பலகாலம் கருதப்பட்டது. தென்னாப்பிரிக்கப் பகுதியிலிருந்து சேகரிக்கப்பட்ட மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஒரே பெயருக்குள் பல வேறு கிளைகள் மறைந்திருப்பதையும், புற்றின் மேல் வளர்பவை ஏனையவற்றிலிருந்து வேறுபடுவதையும் காட்டியது. அந்த மாதிரிகளை உறையிலிட்டு அலமாரியில் வைத்தவர்களில் பலர் மரபணு என்னும் சொல்லையே கேட்டறியாதவர்கள்.

புற்றுக்குள் ஒரு தோட்டம்

கோனிக் புற்றின் வெளிப்புறத்தோடு நிற்கவில்லை; அதை வெட்டித் திறந்தும் பார்த்தார். தஞ்சைப் பகுதியின் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லின் இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் தொகுதியில் ஜெர்மன் மொழியில் வெளியானது. கறையானின் வாழ்க்கையைப் பற்றிய தொடக்க கால அறிவியல் எழுத்துகளில் அது ஒன்று. புற்றின் அறைகளுக்குள் கடற்பஞ்சு போன்ற கூடுகள் இருப்பதை முதன்முதலில் எழுதியவர்களுள் ஒருவராக அவரைக் கருதலாம். கறையான்கள் மென்ற மரத்துகளால் கட்டி, பூஞ்சையை வளர்க்கும் தோட்டங்கள் அவை என்பது இன்று நமக்குத் தெரியும். மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்திலிருந்து மேலெழுந்து வருவதையே நாம் புற்றுக்காளான் என்று பறித்துக் குழம்பு வைக்கிறோம்.

மக்களின் வழக்கங்களையும் அவர் விட்டுவிடவில்லை. புற்றில் இருபுறமும் துளையிட்டு, காற்று வரும் பக்கம் புகை மூட்டி, மறுபக்கத்தில் மணமுள்ள தழை தேய்த்த பானையைக் கவிழ்த்து ஈசல் பிடிக்கும் முறையைப் பதிவு செய்தார். அவ்வாறு பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றதையும், அளவு மீறி உண்டால் வயிற்று நோய் கண்டதையும் எழுதினார். ஆப்பிரிக்கக் கறையான்களை ஆராய்ந்து 1781-இல் புகழ்பெற்ற கட்டுரை எழுதிய ஆங்கிலேயர் ஹென்றி ஸ்மீத்மன், கோனிக்கின் இந்தக் குறிப்புகளைத் தம் எழுத்தில் எடுத்தாண்டார். ஏழையின் உணவைப் பற்றிய ஒரு தகவல் தஞ்சையிலிருந்து பெர்லின் வழியாக லண்டனுக்குச் சென்றது. எந்தப் புற்றில் எது முளைக்கும், எதைத் தின்னலாம், எதைத் தின்னலாகாது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்த நம் ஊர்க்காரர்களின் பெயர் மட்டும் எந்தத் தொகுதியிலும் ஏறவில்லை. அக்காலச் சேகரிப்புகள் பலவற்றுக்கும் பொருந்தும் குறை இது. அவருடைய சிறப்பைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

மூன்று எசமானர்கள்

கோனிக்கின் வாழ்க்கையில் பொருளியல் மாணவனான என்னை நிறுத்தி வைப்பது அவருடைய சம்பளக் கதை. மிஷன் கொடுத்த ஊதியம் ஒரு மருத்துவர் பிழைக்கப் போதுமானதாக இருக்கலாம்; ஆள் வைத்துச் செடி சேகரிக்கவும், தாள் வாங்கவும், மலைகளுக்குப் பயணம் போகவும் போதவில்லை. எனவே 1774-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் இயற்கை அறிஞராகப் பணியில் அமர்ந்தார். சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி வாழ்ந்த அந்த நவாபின் கருவூலம் கடனில் மூழ்கியிருந்தது. அந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை பொருளாதார வரலாறு படிப்போர் அனைவரும் அறிந்தது. அது நிகழ்ந்தது 1785 பிப்ரவரியில். கோனிக் இறந்த அதே ஆண்டில்.

நவாபின் பணியில் இருந்த காலத்தில் அவர் ஆம்பூர் மலைகளுக்கும், சென்னைக்கு வடக்கே நகரி மலைகளுக்கும், கடல் கடந்து இலங்கைக்கும் சென்று சேகரித்தார். நான் வாழும் சென்னையின் மேற்குப் புறநகர், ஆம்பூருக்கும் நகரிக்கும் செல்லும் இரு சாலைகளின் வாயிலில் இருக்கிறது. பூந்தமல்லி வழியாக ஆற்காட்டுச் சாலை. அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருத்தணியையும் நகரியையும் நோக்கிச் செல்லும் சாலை. ஏரிகளும் கரம்பும் புற்றுகளும் நிறைந்த செம்மண் பூமி இது.

1778-இல் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் அவருக்கு மாதச் சம்பளம் அளிக்க முன்வந்தது. அந்த ஆண்டே அவரை சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பியது. பின்னர் சம்பளத்தை உயர்த்தவும் செய்தது. கம்பெனிக்குச் செடிகள் மேல் காதல் என்று எண்ணிவிட வேண்டாம். ஏலம், சாயம், பிசின், மருந்துச் சரக்கு என்று சந்தையில் விலைபோகும் பொருள் எங்கே கிடைக்கும் என்று கண்டறிய அதற்கு ஆள் தேவைப்பட்டது. கோனிக் அந்த வேலையைச் செய்தார்; அதன் ஊடே தமக்குப் பிடித்த வேலையையும் செய்தார். இஞ்சி, மஞ்சள் குடும்பத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய வருணனைகளை சுவீடனில் ரெட்சியஸ் 1783-இல் அச்சிட்டார்.

ஆக, மூன்று எசமானர்கள். மிஷனுக்கு மருத்துவர் வேண்டும். நவாபுக்கு அவையில் ஓர் அறிஞர் வேண்டும். கம்பெனிக்குச் சரக்கு வேண்டும். காளானைச் சேகரிக்கச் சொல்லி எவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறைந்துவிடாததும், எவரையும் விலக்கி வைக்க முடியாததுமான பண்டத்தைப் பொதுப் பண்டம் என்கிறது பொருளியல். அத்தகைய பண்டத்தைச் சந்தை போதுமான அளவு உருவாக்காது. யாரோ ஒருவரின் ஆர்வமோ அரசின் பொறுப்போதான் அந்தக் குறையை நிரப்ப வேண்டும். வகுப்பறையில் கலங்கரை விளக்கத்தை உதாரணமாகச் சொல்லியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதைக் கற்பித்தேன். உறையிலிட்ட ஒரு காளான் அதைவிடச் சிறந்த உதாரணம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தனி மனித ஆர்வம் அவரோடு முடிந்துபோகாமல் இருக்க கோனிக் ஒரு வழி செய்தார். தரங்கம்பாடியைச் சூழ்ந்திருந்த மிஷனரிகளையும் மருத்துவர்களையும் சேர்த்து, மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டு கூட்டாகப் பெயரிடும் ஐக்கிய சகோதரர்கள் என்னும் நட்புக் குழுவை உருவாக்கினார். அவர் விட்டுச்சென்ற வழியில் நடந்தவர்களுள் ஒருவர் யோஹான் பீட்டர் ராட்லர். பின்னாளில் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து தமிழ்–ஆங்கில அகராதியை உருவாக்கியவர் இவரே. சூளையில் இவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. சொற்களைச் சேகரித்ததும் செடிகளைச் சேகரித்ததும் ஒரே கை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே ஒழுக்கம்: கண்டதை அன்றே எழுதி வைத்தல். ராட்லரின் உலர்தாவரத் தொகுப்பு இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது.

கோனிக்கின் முடிவு எளிமையானது. 1785-இல் கரையோரப் பயணத்தின்போது வயிற்றுக்கடுப்பால் படுத்தார். அப்போது சாமல்கோட்டையில் கம்பெனி மருத்துவராக இருந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ; இந்தியத் தாவரவியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவர். அவர் வந்து சிகிச்சை அளித்தும் பயனில்லை. ஜூன் 26 அன்று காக்கிநாடாவை ஒட்டிய ஜகன்னாதபுரத்தில் கோனிக் உயிர் நீத்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்சுக்கு எழுதி வைத்தார். அவற்றில் பெரும்பகுதி அவர் காலத்தில் அச்சேறவில்லை. சயாம் பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1894-இல். அவர் இறந்து நூறாண்டுக்கும் மேல் கடந்த பிறகு. சேகரிக்கக் கிடைத்த காலம் எழுதக் கிடைக்கவில்லை. மூன்று எசமானர்களிடம் வேலை பார்த்தவருக்கு எழுதுவதற்கு ஏது ஓய்வு?

நான் இட்ட கையெழுத்து

இனி என் காரணத்துக்கு வருகிறேன். நான் பணியாற்றிய கல்லூரியில் ஒருமுறை பழைய கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். பயனற்ற பொருள்களைக் கழிக்க அமைக்கப்பட்ட குழுவில் நானும் ஓர் உறுப்பினர்; பொருளியல் பேராசிரியர் ஆயிற்றே, மதிப்பீடு தெரிந்தவர் என்று சேர்த்தார்கள். தாவரவியல் துறையின் இரண்டு மர அலமாரிகள் பட்டியலில் இருந்தன. உள்ளே செய்தித்தாளில் ஒட்டிய செடிகளும், பழுப்பு உறைகளில் காய்ந்த காளான்களும் இருந்தன. பூச்சி அரித்தவை பல, அரிக்காதவையும் பல. தேய்மானக் கணக்கின்படி அவற்றின் ஏட்டு மதிப்பு சுழியம். துறைப் பேராசிரியை ஒருவர் வந்து அவற்றை வேறிடத்துக்கு மாற்ற ஓர் அறை கேட்டார். அறை இல்லை என்றது குழு. நான் கையெழுத்திட்டேன். கிலோ கணக்கில் எடை போட்டுப் பழைய காகிதக் கடைக்காரர் கொண்டுபோனார்.

கீழே விழுந்து கிடந்த ஓர் உறையை அந்தப் பேராசிரியை எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதன் மேல் எண், நாள், சேகரித்த மாணவரின் பெயர், பருத்திப்பட்டு ஏரிக்கு அருகே புற்றின் மேல் என்னும் குறிப்பு ஆகியவை மையில் எழுதப்பட்டிருந்தன. உள்ளே மடக்கிய குடை போன்ற ஓர் உலர்ந்த பொருள். சுற்றிலும் கரும்பழுப்புத் தூள். ஓய்வுபெற்ற பின் அது என்னவென்று தேடத் தொடங்கியதுதான் என்னைக் கோனிக்கிடம் கொண்டுவந்து சேர்த்தது. லின்னேயஸ் பெயரிட்ட அதே காளான்.

நான் செய்த பிழை கணக்கியல் பிழை. இயந்திரமும் மேசையும் ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஆகவே அவற்றின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போகிறோம். நாளும் இடமும் எழுதப்பட்ட ஒரு மாதிரிக்கு ஆண்டுக்கு ஆண்டு மதிப்பு கூடுகிறது. அதை மறுபடியும் உற்பத்தி செய்ய இயலாது. அந்த ஏரிக்கரையின் அந்தப் புற்று இன்று இல்லை. அந்த ஆண்டு திரும்பி வராது. அங்கே அந்த உயிர் இருந்தது என்பதற்கு உலகில் உள்ள ஒரே சாட்சி அந்த உறை. தேயும் பொருளுக்குரிய விதியை வளரும் பொருளுக்குப் பொருத்தி, சுழியம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இது ஒரு கல்லூரியின் கதை மட்டுமன்று. தமிழகத்தில் இந்தத் துறைக்கு மரபு இல்லாமல் இல்லை. எட்வின் பட்லர் 1905-இல் பீகாரின் பூசாவில் தொடங்கிய பூஞ்சைத் தொகுப்பு இன்று டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் காக்கப்படுகிறது. 1853-இல் சென்னையில் கிளெக்ஹார்ன் தொடங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம் கோவையில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் டி.எஸ். சதாசிவனும் சி.வி. சுப்பிரமணியனும் பூஞ்சை ஆய்வை உலகத் தரத்துக்கு உயர்த்தினர். அங்கே கே. நடராஜனும் அவருடைய மாணவர்களும் 1970-கள் தொடங்கித் தென்னிந்தியக் குடைக்காளான்களை முறையாகப் பதிவு செய்தனர். அந்த மரபின் கிளைகள்தான் கல்லூரிகளில் இருந்த சிறு அலமாரிகள். கிளைகளை வெட்டிவிட்டு மரத்தைப் போற்றுவதில் பொருளில்லை.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். மழைக்காலத்தில் நம் புறநகர்ப் புல்வெளிகளில் வெண்ணிறத்தில் பெரிய குடையாக விரியும் ஒரு காளான் உண்டு. பார்க்க உண்ணத்தக்கது போலவே இருக்கும். முற்றியபின் அதன் அடிமடல்கள் வெளிர்ப் பச்சையாகும். உண்டவர் சில மணி நேரத்தில் கடும் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளாவர். குளோரோபில்லம் மாலிப்டைட்டீஸ் என்று அதற்குப் பெயர். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அப்படி ஒரு குடும்பம் வந்தால், மீதமிருக்கும் துண்டை ஒப்பிட்டுச் சொல்ல அடையாளம் தெரிந்த ஒருவரும், ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரியும் அருகில் வேண்டும். சங்கப் புலவர்கள் ஆம்பி என்று அழைத்தனர். சமைக்க ஒன்றுமில்லாத ஏழை வீட்டின் அடுப்பில் அது பூத்துக் கிடப்பதாகப் பாடினர். இன்றும் பறித்துத் தின்பவர் பெரும்பாலும் ஏழைகளே. பெயர் தெரியாமையின் விலையை அவர்களே கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. காளானை நிலத்தில் இருக்கும்போதே படமெடுத்து, நிறமும் மணமும் மாறுமுன் குறித்து, மிதமான வெப்பத்தில் மொறுமொறுப்பாக உலர்த்தி, உறையிலிட்டு, இடம், நாள், எதன் மேல் முளைத்தது, யார் எடுத்தது என்று எழுத வேண்டும். உள்ளூர்ப் பெயரையும் அதைச் சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதினால் கோனிக் காலத்துக் குறையும் தீரும். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு பராமரிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் உறை இருக்குமானால் அது சான்று; இல்லையேல் வெறும் பட்டியல். மாதிரிகளைக் கழிக்க நினைக்கும் எந்தக் கல்லூரியும், அங்கீகாரம் பெற்ற ஓர் உலர்தாவரகத்திடம் முதலில் கேட்ட பின்னரே கழிக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். உலர்தாவரகங்களில் காலியாகும் காப்பாளர் பணியிடங்களைச் சிக்கனம் கருதி நிரப்பாமல் விடுவது உண்மையில் சிக்கனமன்று.

சென்ற மழைக்காலத்தில் காலை நடையின்போது, எங்கள் பகுதியில் விற்பனைப் பலகை நட்ட ஒரு காலி மனையில், மஞ்சள் குங்குமம் இட்ட புற்றின் ஓரத்தில் இரண்டு போடாக்சிஸ் நிற்பதைக் கண்டேன். ஒன்றை வெட்டியெடுத்து, வீட்டில் உலர்த்தி, உறையிலிட்டு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விவரச்சீட்டு எழுதினேன். அதையும் பருத்திப்பட்டு உறையையும் சேர்த்து ஓர் உலர்தாவரகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர் இரண்டுக்கும் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார். திரும்பி வந்து பார்த்தபோது மனை சமன்படுத்தப்பட்டிருந்தது. புற்று இருந்த இடத்தில் ஜல்லி குவிந்திருந்தது.